நான் கொண்டுபோனது துட்டிக் கஞ்சி

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. மரித்துப்போன தங்கையின் பிள்ளைகள் இருவரையும் சேர்த்துத்தான் ஆறு என்கிறேன். ஆறு பேரும் நல்ல நிலையில் இருக்கிறார்கள்; ஒருவரும் என் வீட்டில் இல்லை. மூன்றாவது மகள் கிரேஸ் இங்கிலாந்தில் நர்ஸ். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று கூப்பிட்டாள், போனேன். அந்தக் குழந்தை ஷெரின் வளர்ந்து, படித்து, அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் வேலைக்கும் சேர்ந்தாயிற்று. நான் மட்டும் திரும்பவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து இராஜாக்கமங்கலத்து வீட்டைத் திறந்து, தூசியைப் பெருக்கி வாரி, ஒரு மாசம் இருந்துவிட்டுப் பூட்டிப் போவேன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பிறகு எழுத்துக் கூட்டிப் பழகியது வேதப்புத்தகத்தில். அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரமாக எழுதுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

இந்தத் தடவை வந்த மறுநாள் காலையில் முற்றம் பெருக்கிக்கொண்டு நின்றேன். கோவில் பாடற்குழுவில் என்னோடு பாடிய ரோசம்மா வெள்ளைச் சேலை கட்டி, கைக்குட்டையை உருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, வெள்ளையும் கட்டிட்டு யாருக்க வீட்டுத் துட்டிக்குப் போறே?" என்று கேட்டேன்.

"உனக்க வீட்டுக்குத்தான்."

"எனக்க வீட்ல யாரு மரிச்சா?"

"நீதான். நேத்து பாத்தேன், பஸ் ஸ்டாண்டு பக்கம் உனக்க படத்த ஆளு உசரத்துக்கு வச்சிருக்கானுவ. நான் பஸ்ஸுல இருந்தே அழுதுட்டு வந்தேன். கண்டக்டர் ரெண்டு தடவ என்ன பாட்டின்னு கேட்டான்."

"நான் இருக்கேன். காப்பி குடிக்கியா?"

"அழுத அழுகைக்கு ஒரு காப்பியாவது தா, சவமே."

அவளைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் இப்படிப் படம் போட்டுத் தட்டி வைப்பது கட்சிக்காரனுக்கு, கல்யாண மாப்பிள்ளைக்கு, இல்லையென்றால் செத்தவர்களுக்கு. கட்சியும் இல்லாமல் மாலையும் இல்லாமல் ஒரு கிழவியின் முகம் தனியாக நின்றால் கண்ணீர் அஞ்சலி என்றுதான் யாரும் நினைப்பார்கள். கீழே உள்ள இங்கிலீஷ் எழுத்தை ரோசம்மா வாசிக்கவில்லை. எங்கள் பக்கம் சாவு வீட்டைத் துட்டி வீடு என்போம். என் துட்டிக்கு முதல் ஆளாக வந்தவள் என்று அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

காப்பி குடித்துவிட்டு இருவருமாகப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். நான்தான். கையில் தூக்குவாளி, வாளியின் வாயைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருக்கிறது. இரண்டு கையாலும் நீட்டுகிறேன். பல் தெரிய, சிரித்தது போல. பின்னால் செங்கல் கட்டடம். 'வீட்டை விட்டு வந்தாலும் வீடுதான்' என்று தமிழில் ஒரு வரி. அதற்குக் கீழே நாகர்கோவிலில் பெரிய ஹோட்டல் ஒன்றில் வெளிநாட்டுப் படிப்புக்கான கூட்டம், அனுமதி இலவசம் என்று ரோசம்மாவின் பேரன் வயசுப் பையன் ஒருவன் வாசித்துச் சொன்னான். "பாட்டி, நீங்களா இது? சூப்பரா இருக்கீங்க" என்றான். அந்தப் படத்தில் நான் சிரிக்கவில்லை. 'டெட்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், உதடு இரண்டு பக்கமும் இழுத்துக்கொள்ளும். அந்த நாளில் நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் ஊரில் வாரம் ஒரு நாள் மீன்கடைக்குப் போவேன். பனிக்கட்டியின் மேல் மீனைக் கிடத்தி வைத்திருப்பார்கள், தொடக் கூடாது. நான் தொடுவேன். செவிளைத் தூக்கிச் சிவப்புப் பார்க்காமல் மீன் வாங்க எனக்குத் தெரியாது. ஒருநாள் கடைக்காரன் "மேடம், ப்ளீஸ், மேடம்" என்று கை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். எனக்குப் பின்னால் ஒரு சிரிப்பு கேட்டது.

"ஆச்சி, செவிளு பாக்காண்டாம். கண்ணப் பாத்தாத் தெரியல்லியா? அது செத்து வாரம் ஒண்ணு ஆச்சு."

திரும்பினேன். கறுத்து மெலிந்த ஒரு பெண், முதுகில் பை.

"நீ எங்கோடி உள்ளவ மக்கா?"

"கடியப்பட்டணம்."

"யாருக்க மவ?"

"சொன்னா அறியவா போறிய? வள்ளக்காரரு சூசைக்க மவ, ஆன்சி."

வள்ளம் வைத்து மீன் பிடிக்கும் சூசையை நான் அறியமாட்டேன்தான். இராஜாக்கமங்கலத்துக்கும் கடியப்பட்டணத்துக்கும் ஒரு பஸ் தூரம். ஆனால் அவர்கள் மாதா கோவில்காரர்கள், நாங்கள் மிஷன் கோவில்காரர்கள். அவர்களுக்குக் கடல், எங்களுக்கு வயல். அவர்கள் மீன்கூடையோடு எங்கள் வாசல்வரை வருவார்கள், நாங்கள் விலை பேசுவோம், அதோடு உறவு முடிந்தது. ஊரில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளையைத் தட்டில் சோறு போட்டு என் மேசையில் உட்கார வைத்திருப்பேனா என்று கேட்டால், மாட்டேன். அங்கே உட்கார வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவாள். கம்ப்யூட்டர் சம்பந்தமான மேல்படிப்பு. ஷெரின் வேலை பார்க்கும் அதே பல்கலைக்கழகம். நான் வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "புளி கூடிப்போச்சு ஆச்சி, ஆனாலும் கொள்ளாம்" என்பாள். கடல்கரைக்காரிக்கு மீன்குழம்பு வைத்துப் பேர் வாங்க முடியுமா?

பிறகு அந்தக் காய்ச்சல் காலம் வந்தது. உங்களுக்கும் வந்தது, எங்களுக்கும் வந்தது. கிரேஸ் ஆஸ்பத்திரியே கதியாகக் கிடந்தாள். பல்கலைக்கழகம் தரையெல்லாம் மஞ்சள் அம்புக்குறி ஒட்டி, இந்தக் கதவால் போ, அந்தக் கதவால் வா என்றது. கொஞ்ச நாளில் எந்தக் கதவாலும் வராதே என்றது. பாடமெல்லாம் கம்ப்யூட்டரில். ஆன்சி ஹாஸ்டல் அறையில் கட்டிலில் உட்கார்ந்து வாத்தியாரின் முகத்தைப் பெட்டியில் பார்த்துப் படித்தாள். அந்த வாத்தியார் இருந்தது நாலு தெரு தள்ளித்தான். "இதுக்கு எனக்க வீட்டு மாடியில இருந்து படிச்சாக் காத்தாவது கிட்டும் ஆச்சி" என்று ஃபோனில் சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

ஷெரினுக்கு வீட்டில் இருந்தே வேலை. எங்கள் சமையல்கட்டு மேசையின் இந்த முனையில் நான் பயறு பொறுக்குவேன். அந்த முனையில் ஒரு பல்கலைக்கழகம் நடக்கும். காலையில் கூட்டம் போட்டால் யாருக்குக் காய்ச்சல், எந்த மாடியைப் பூட்டுவது, சாப்பாட்டுப் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று பேசுவார்கள். மத்தியானம் அதே முகங்கள் இன்னொரு கூட்டம் போடும். அதில் உலகப் படம் ஒன்று வரும். அதில் அம்புக்குறிகள். எல்லாம் அந்த ஊரைப் பார்த்துப் பாய்ந்தன.

"என்னட்டி அந்த அம்பு?"

"எந்த நாட்டுல இருந்து எவ்வளவு ஸ்டூடண்ட்ஸ் கூடுதலா வரணும்னு ப்ளான், ஆச்சி."

"உள்ள இருக்கப்பட்ட பிள்ளியள வெளிய விடமாட்டிய. வெளிய உள்ள பிள்ளியள உள்ள கூப்பிடுவிய. ரெண்டும் ஒரே ஆளுவளா?"

"ஆச்சி, மைக் ஆன்ல இருக்கு."

திரையில் இருந்த ஒரு வழுக்கைத் தலை என்னைப் பார்த்துக் கையாட்டியது. நான் ஆட்டவில்லை. அவர் என்ன சொன்னார் என்று பிறகு கேட்டேன். இந்தக் காய்ச்சல் காலம் நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு, தூரத்தில் இருந்தே படிப்பிக்கக் கற்றுக்கொண்டோம், இனி எந்த ஊரிலும் கடை திறக்கலாம் என்றாராம். கடை என்று அவர் சொல்லியிருக்கமாட்டார். அது என் சொல்.

ஒருநாள் காலையில் ஆன்சி கூப்பிட்டாள்.

"ஆச்சி, அப்பா போயிட்டு."

எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். அறைக்குள்தான். அவள் மாடியில் யாருக்கோ காய்ச்சல் கண்டதால் மாடி முழுக்கப் பூட்டு. ஊரில் அவள் அப்பாவை ஆஸ்பத்திரியில் இருந்து அப்படியே உறை மூடிக் கொண்டுபோய், பெட்டியைத் திறக்காமல் அடக்கம் செய்தார்கள். அதை ஃபோனில் யாரோ காட்ட, கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாளாம். நடுவில் படம் நின்றுபோயிற்றாம். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

எனக்கு வேறென்ன தெரியும்? அடுப்பைப் பற்றவைத்தேன். துட்டி வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. கஞ்சி பக்கத்து வீட்டில் இருந்து வரும். எந்த வேதக்காரராக இருந்தாலும் எங்கள் ஜில்லாவில் அது ஒன்றுதான். குத்தரிசிக் கஞ்சி, சிறுபயறு, தேங்காய்த் துவையல். தாளிக்கக் கூடாது. வாளியின் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோய் வைத்துவிட்டு வருவதில் ஒன்றும் இல்லை, அதை யாரும் செய்யலாம். பக்கத்தில் உட்கார்ந்து, அழுகிறவளின் தலையைப் பிடித்து, திட்டியாவது முதல் வாயைக் குடிக்க வைக்க வேண்டும். அந்த ஒரு வாய் இறங்கினால்தான் துட்டிக்குப் போனதாகக் கணக்கு. குடித்ததும் எழுந்து, போய்வருகிறேன் என்று சொல்லாமல் வந்துவிட வேண்டும். என் தங்கை மரித்தபோது என் வாயில் அப்படிக் கஞ்சி ஊற்றியவள் ரோசம்மா. குடிக்கமாட்டேன் என்று கையைத் தட்டிவிட்டேன். கன்னத்தில் ஒன்று வைத்தாள். குடித்தேன்.

நடந்தே போனேன். ஹாஸ்டல் வாசலில் ஒரு காவல்காரன், நல்ல உயரம், மாஸ்க் போட்டிருந்தான். "நோ விசிட்டர்ஸ், லவ்" என்றான். அந்த ஊரில் கிழவிகளை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். கேர்ள். தேர்ட் ஃப்ளோர். ஃபாதர். அவன் தலையைச் சாய்த்து, "சூப்?" என்று வாளியைக் காட்டினான். நோ சூப். மாஸ்க் போட்டதால்தான் விளங்கவில்லை என்று அதைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுச் சொன்னேன். "ஃபாதர் டெட். டெட்." வாளியை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து ஒருவன் கேமராவோடு அங்கே நின்றிருக்கிறான். பூட்டிய பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் எப்படிக் கவனித்துக்கொள்கிறது என்று படம் எடுக்க வந்தவன். கழுத்தில் கிடந்த மாஸ்க்கைப் பிறகு கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார்களாம்.

காவல்காரன் கையுறை போட்டு வாளியை வாங்கி வாசலுக்கு வெளியே கிடந்த மேசையில் வைத்தான். கொடுத்துவிடுவோம் என்பது போல் கையைக் காட்டினான். நல்ல மனிதன்தான். "பை லவ், சீ யூ" என்றான். துட்டி வீட்டு வாசல். நான் பதில் சொல்லாமல் திரும்பினேன். காது கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை கத்திச் சொன்னான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மரியாதை தெரியாத கிழவி என்று நினைத்திருப்பான்.

மறுநாள் வாளி வாங்கப் போனேன். வாளி கனத்தது. துணியில் நான் போட்ட முடிச்சு நான் போட்டபடியே இருந்தது. "சாரி லவ், ரூல்ஸ்" என்றான். அண்ணாந்து பார்த்தேன். மூன்றாம் மாடி ஜன்னலில் ஆன்சி நின்றிருந்தாள். முதல் நாளும் அங்கேதான் நின்றிருக்கிறாள். நான் வந்ததையும் பார்த்தாள், கஞ்சி மேசையில் இருந்ததையும் பார்த்தாள், நான் போனதையும் பார்த்தாள். அந்த ஜன்னல்கள் நாலு விரல் அளவுக்குமேல் திறக்காது. வீட்டுக்கு வந்து புளித்த கஞ்சியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். சோறு குழாயில் அடைத்துக்கொண்டது. ஷெரின் கரண்டிக் காம்பால் குத்திக் குத்தி எடுத்தாள்.

"வெளி சாப்பாடு உள்ள போகக் கூடாது ஆச்சி. எல்லாருக்கும் ஒரே ரூல்."

"துட்டிக்குமா?"

"துட்டி வரும்னு யாரும் யோசிக்கல."

காய்ச்சல் காலம் முடிந்தது. ஆன்சி படித்து முடித்து, வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு விடுதியில் வேலை செய்கிறாள். இப்போதும் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். புளி கூடிப்போச்சு என்று சொல்வதில்லை. ஊருக்கு இன்னும் ஒருமுறைகூடப் போகவில்லை.

என் படம் முதலில் அந்த ஊரில் பல்கலைக்கழகத்தின் கண்ணாடிக் கதவில்தான் வந்தது. அதை எடுக்கச் சொல் என்று ஷெரினிடம் சொன்னேன். "மேல உள்ளவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு ஆச்சி. உங்க முகத்துல ஒரு அன்பு தெரியுதாம்" என்றாள். நடந்தது தெரிந்த பிள்ளைதான் இப்படிச் சொன்னாள். பிறகுதான் நாகர்கோவில் திட்டம் வந்தது. முதல் வருஷம் பிள்ளைகள் நாகர்கோவிலிலேயே ஒரு கட்டடத்தில் இருந்து திரையில் படிப்பார்கள், இரண்டாம் வருஷம் விமானம் ஏறுவார்கள். காய்ச்சல் காலத்தில் கற்ற வித்தை. அந்தக் கூட்டத்தை நடத்த ஷெரினும் என்னோடு ஊருக்கு வந்திருந்தாள். கூட்டம் நன்றாக நடந்தால் நாகர்கோவில் ஆபீஸுக்கு அவள்தான் பொறுப்பு. "வருஷத்துல பாதி நாள் நான் இங்க இருப்பேன் ஆச்சி. நீங்களும் என்கூட இருக்கலாம். வீட்டப் பூட்டவே வேண்டாம்" என்றாள். நீங்கள் வெளிநாட்டில் இருப்பவரானால் இந்தச் சொல் எங்கே போய்த் தைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். நீங்கள் சும்மா உட்கார்ந்தால் போதும் என்றாள். உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் என் முகம் ஆளுயரத்தில் நின்றது.

குளிரூட்டின மண்டபம், துணி சுற்றின நாற்காலி, ஆளுக்கு ஒரு பை. ஷெரினின் மேலதிகாரி டேவிட் என்பவரும் வந்திருந்தார். 'வணக்கம்' மட்டும் படித்து வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் அதைச் சொன்னார். பிள்ளைகளைவிடத் தாய்மார்தான் கூட்டம். ஒவ்வொருத்தியும் தட்டியைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், பக்கத்தில் வந்து சேலையைத் தொடுவாள். அப்போது ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஒருத்தி வந்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை, கையில் மீன்கத்தி கீறின தழும்பு.

"ஆச்சி, நான் ஆன்சிக்க அம்மை. மரியபுஷ்பம்."

நான் எழுந்துவிட்டேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எனக்க மவளுக்குக் கஞ்சி குடுத்த கையில்லா இது. அவ ஃபோன்ல பறஞ்சா. அம்மா, இஞ்ச ஒரு ஆச்சி உண்டு, எனக்க தலையப் பிடிச்சு நின்னு குடிக்க வச்சுட்டுத்தான் போனாவன்னு. அதக் கேட்டப் பொறவுதான் நானும் ஒரு வாய் குடிச்சேன். அதுவர பச்சத்தண்ணி இறங்கல்ல."

என் கை அவள் கையில் இருந்தது. இழுக்க முடியவில்லை.

"இவ இளையவ, அனிஷா. இவளையும் சேக்கச் சொல்லி இவனுவ தினம் ஃபோன் பண்ணுகானுவ. எனக்கு இவனுவள நம்பிக்க இல்ல. உங்கள நம்புகேன். நீங்க சொல்லுங்க ஆச்சி. அனுப்பட்டா?"

ஷெரின் பக்கத்தில் நின்றாள். என் முகத்தையே பார்த்தாள். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். ஆன்சி சொன்ன பொய் அப்படியே நிற்கும், அம்மாவின் மனசு ஆறிய இடத்தில் ஆறியபடி இருக்கும், என் வீட்டுக் கதவு திறந்தே கிடக்கும். நான் வாழ்க்கையில் பொய் சொல்லாதவள் அல்ல. ஆறு பிள்ளை வளர்த்தவள் எப்படிப் பொய் சொல்லாமல் இருப்பாள்? ஆனால் துட்டிக் கஞ்சியைக் குடிக்க வைத்ததாகச் சொல்லிப் பேர் வாங்க என் வாய் வளையவில்லை.

"அவ குடிக்கல்ல, பிள்ளே."

"என்ன?"

"நான் கொண்டு போனேன். உள்ள விடல்ல. வாசல்ல வாங்கி வச்சான். மறுநா கெட்டு அவுக்காமத் திருப்பித் தந்தான். உனக்க மவ சன்னல்ல நின்னு பாத்துட்டு நின்னா. நான் அவளுக்க தலையத் தொடல்ல."

மரியபுஷ்பம் என் கையை விடவில்லை. பிடி மட்டும் இறுகிற்று. அனிஷா, "அக்கா எனக்க கிட்டயும் அப்பிடித்தான் பறஞ்சா" என்று சத்தமில்லாமல் சொன்னாள்.

"அப்போ அண்ணைக்கி அவ என்ன குடிச்சா ஆச்சி?"

"அறியாது மக்கா. ஒண்ணும் குடிச்சிருக்க மாட்டா."

அவள் அழுதாள். நானும் அழுதேன். டேவிட் ஷெரினிடம் குனிந்து என்னவோ கேட்டார். ஷெரின் என்னவோ சொன்னாள். அவர் நெஞ்சில் கை வைத்து, "பியூட்டிஃபுல்" என்றார். பிறகு எங்களைப் பார்த்து "வணக்கம்" என்றார். கேமராக்காரன் நாங்கள் இருவரும் கை பிடித்து நின்றதை இரண்டு பக்கமும் இருந்து எடுத்தான்.

நான் ஷெரினைத் திரும்பிப் பார்ப்பதற்குள் மரியபுஷ்பம் மகளை இழுத்துக்கொண்டு நேரே போனாள். வெளியே போகிறாள் என்றுதான் நினைத்தேன். பேர் பதிகிற மேசையில் போய் உட்கார்ந்தாள். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

"பிள்ளே, நான் சொன்னது கேக்கல்லியா?"

"கேட்டேன் ஆச்சி. அதுகொண்டுதான்."

"எதுகொண்டு?"

"எனக்க மூத்தவ அங்க தனிச்சுக் கெடந்தால்லா? நான் இத்தன நாளும் அவளுக்கு ஆளு உண்டுன்னுல்லா நெனச்சேன்." மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "அவ வரமாட்டேன்னு சொல்லுகா. வந்தா பொறவு அங்க விடமாட்டானாம், என்னவோ சட்டம் பறயுகா. செரி. இவ போட்டும். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒருத்திக்கு ஒருத்தி கஞ்சி வச்சுக் குடுப்பாவ. ஒரு ரூமுக்குள்ள இருந்தா எவன் தடுப்பான்?"

அனிஷா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாள். "ஆச்சி, அங்க ரொம்பக் குளுருமா?" என்று கேட்டாள். குளிரும் என்றேன். அவள் அம்மா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். நான் சொன்ன உண்மையால் அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது இன்னொரு பிள்ளை. அந்தத் தட்டி செய்ய முடியாததை நான் செய்து கொடுத்திருக்கிறேன்.

காரில் வரும்போது, "அந்த வெள்ளக்காரன்ட்ட என்னட்டி சொன்னே?" என்று கேட்டேன். ஷெரின் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு பேரும் அந்தக் கஞ்சிய நினைச்சு அழுறாங்கன்னு சொன்னேன். அதுல பொய் எங்க இருக்கு ஆச்சி?"

பொய் இல்லை. ஒரு சொல்லும் பொய் இல்லை. இப்படி இங்கிலீஷ் சொல்லத்தானே பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம்.

நாகர்கோவில் ஆபீஸ் அவளுக்குக் கிடைத்துவிட்டது. இனி எனக்குப் பாதி வருஷம் இங்கே, பாதி வருஷம் அங்கே. கேட்டது கிடைத்தால் சந்தோஷப்பட வேண்டும். கோவில் கல்லறைத் தோட்டத்தில் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடக்கிறது. போய்ப் பார்த்தேன், எருக்கு முளைத்திருந்தது, பிடுங்கினேன். ஆனால் எந்தப் பாதி வருஷத்தில் மரிப்பேன் என்று யாருக்குத் தெரியும்? இங்கே என்றால் ரோசம்மா வருவாள், ஒத்திகை பார்த்தவள். ஆனால் கஞ்சி குடிக்க வைக்க இந்த வீட்டில் அழுகிறவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். ஆறு பேரும் வந்து சேர நாளாகும். அங்கே என்றால் கிரேஸ் அழுவாள், ஷெரின் அழுவாள். கஞ்சி கொண்டுவர ஆள்? கடியப்பட்டணத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் அங்கே இருக்கப் போகிறார்கள், அவர்கள் கொண்டுவருவார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. உலகப் படத்தில் அம்புக்குறி போட்டவர்கள் நினைத்ததும் இதே நினைப்புத்தான். ஒரு பிள்ளை வந்தால் இன்னொரு பிள்ளை வரும், நமக்கு ஆள் இருக்கும்.

இதைச் சபை இதழில் போடக் கொடுக்கப் போகிறேன். எங்கள் பக்கத்துத் தாய்மார் அதைத்தான் வாசிக்கிறார்கள். பிள்ளையை அனுப்பாதே என்று சொல்ல நான் யார்? என் பிள்ளைகள் ஆறும் வெளியில். அனுப்புகிறவள் என் முகத்தை நம்பி அனுப்ப வேண்டாம். அந்த வாளியில் இருந்தது என்ன, அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிந்து அனுப்பட்டும். அச்சுக்குப் போகும் முன்னால் இதை ஷெரினிடம் கொடுக்கிறேன். அவளுக்குத் தமிழ் எழுத்து நான் சொல்லிக்கொடுத்ததுதான், இங்கிலாந்துச் சமையல்கட்டில், வேதப்புத்தகத்தை விரித்து வைத்து. அடுத்த அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள்.

இங்க வா மக்கா. உட்காரு. எனக்குக் கண்ணாடி வேண்டாம், காது போதும். இதை முதலில் இருந்து சத்தமாக வாசி. கஞ்சி வருகிற இடத்தில் நிறுத்தாதே, ஒன்றையும் விடாதே, நல்ல வார்த்தையாக மாற்றாதே. எழுதினதை எழுதினபடி வாசி.